வெளிநாட்டில் இன்டர்ன்ஷிப்: தேடுவது முதல் சான்றிதழ் வாங்குவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டு இன்டர்ன்ஷிப்புக்கு வழி சொல்பவர்கள் பெரும்பாலும் ரெஸ்யூமேயில் தொடங்கி விசாவில் முடிப்பார்கள். நான் அந்த வரிசையைத் திருப்பிப் போடச் சொல்வேன். எந்த நாடு, எந்தப் பிரிவில், எப்படிப்பட்ட மாணவரைப் பயிற்சிக்கு உள்ளே விடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு அப்புறம் இடம் தேடுங்கள். நல்ல மாணவர்கள் பலர் வழுக்கி விழுவது இங்கேதான். ஆஃபர் கையில் இருக்கும். ஆனால் படிப்பு முடிந்து மாணவர் என்ற தகுதி போயிருக்கும். அல்லது, அந்தச் சின்ன நிறுவனத்துக்கு வெளிநாட்டவரை அழைக்கும் அனுமதியே இருக்காது. அதுவும் இல்லையென்றால், விசா நேர்காணலுக்கு நாள் கிடைப்பதற்குள் இன்டர்ன்ஷிப் தொடங்கும் தேதி கடந்துவிடும்.

முதல் படி: கதவு எது என்று பாருங்கள்

சுற்றுலா விசாவில் போய் வேலை பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சம்பளம் இல்லாத பயிற்சி என்றாலும் பல நாடுகளில் அதற்குத் தனி அனுமதி வேண்டும். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். சில முக்கியமான நாடுகளைப் பார்ப்போம்.

அமெரிக்காவுக்கு வெளியே படிக்கும் மாணவர் அங்கே பயிற்சிக்குப் போக வழக்கமான வழி ஜே-1 விசாவின் இன்டர்ன் பிரிவு. பட்டப்படிப்பில் இருக்க வேண்டும், அல்லது முடித்து 12 மாதத்துக்குள் இருக்க வேண்டும். பயிற்சி உங்கள் படிப்போடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். அதிகபட்சம் 12 மாதம். இதில் பலருக்குத் தெரியாத விஷயம், உங்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனமே விசாவுக்கு ஸ்பான்சராக இருக்க வேண்டியதில்லை என்பது. அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஸ்பான்சர் அமைப்பு ஒன்று, ஜே-1 விசாவுக்கு விண்ணப்பிக்கத் தேவையான டிஎஸ்-2019 படிவத்தைத் தர வேண்டும். அதற்கு முன் டிஎஸ்-7002 என்ற பயிற்சித் திட்டம் தயாராக வேண்டும். எந்தக் கட்டத்தில் என்ன கற்பீர்கள், யார் மேற்பார்வை செய்வார், எப்படி மதிப்பிடுவார் என்றெல்லாம் அதில் எழுதி, நீங்கள், நிறுவனம், ஸ்பான்சர் என மூன்று தரப்பும் கையெழுத்திட வேண்டும். எழுத்தர் வேலை 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதும் விதி. ஆகவே 'அலுவலக உதவிகள்' என்று பொதுவாக எழுதிய திட்டம் திரும்பி வந்துவிடும். மேற்பார்வையாளருக்கு இந்தப் படிவம் புதிதாக இருந்தால், அவரிடம் காத்திருக்காமல் நீங்களே ஒரு வரைவு எழுதி அனுப்புங்கள். இதனால் வாரக்கணக்கில் நேரம் மிச்சமாகும்.

பிரான்சில் கொன்வான்சியோன் த ஸ்தாஜ் என்ற ஒப்பந்தம் இல்லாமல் பயிற்சியே கிடையாது. மாணவர், கல்வி நிறுவனம், பயிற்சி தரும் இடம் என மூவரும் அதில் கையெழுத்திட வேண்டும். அதாவது, நீங்கள் ஒரு கல்லூரியில் பதிவாகியிருக்கும்போதுதான் இந்த வழி திறந்திருக்கும். பட்டம் வாங்கிய பிறகு முயன்றால் கையெழுத்திட ஆள் இருக்காது. பயிற்சி இரண்டு மாதத்தைத் தாண்டினால் குறைந்தபட்ச உதவித்தொகை தருவது சட்டப்படி கட்டாயம். ஒரே இடத்தில் ஒரு கல்வியாண்டில் ஆறு மாதத்துக்கு மேல் இருக்க முடியாது.

ஜெர்மனியில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி: இந்தப் பயிற்சி உங்கள் பாடத்திட்டத்தில் கட்டாயமா, நீங்களாக விரும்பிச் செய்வதா? கேள்வி சின்னதாகத் தெரியலாம், விளைவு பெரியது. கட்டாயப் பயிற்சிக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது. விருப்பப் பயிற்சி என்றால் மூன்று மாதம் வரை விலக்கு. அதைத் தாண்டினால் முதல் நாளிலிருந்தே குறைந்தபட்சக் கூலி தர வேண்டும். அதனால்தான் பல நிறுவனங்கள் மூன்று மாதத்துக்குள் முடிக்கப் பார்க்கின்றன, அல்லது 'கட்டாயம்' என்று கல்லூரியிடமிருந்து கடிதம் கேட்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகும் மாணவர்களுக்கு அங்குள்ள வேலைவாய்ப்பு முகமையின் இசைவும் தேவைப்படும். அந்த வழிக்குக் குறைந்தது நான்கு செமஸ்டர் முடித்திருக்க வேண்டும்.

ஜப்பானில் சம்பளம் உண்டா இல்லையா, எத்தனை நாள் என்பதைப் பொறுத்து விசாப் பிரிவே மாறுகிறது. பிரிட்டனில் அரசு அங்கீகரித்த பரிமாற்றத் திட்டம் ஒன்றின் ஸ்பான்சர்ஷிப் சான்று வேண்டும். கனடாவில் இளைஞர் பரிமாற்ற ஒப்பந்தம் உள்ள நாட்டவர்களுக்குப் பயிற்சிக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ஒப்பந்தம் இல்லாத நாட்டவர்கள் வேறு வழி பார்க்க வேண்டும்.

இரண்டு மூன்று நாடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தந்த நாட்டுத் தூதரகத் தளத்தில் உங்கள் குடியுரிமைக்குப் பொருந்தும் விதியை வாசியுங்கள். ஏஜென்ட் சொன்னது, சீனியர் சொன்னது இரண்டையும் அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: ஓராண்டு முன்னால் நாள்காட்டி போடுங்கள்

மே மாதம் கிளம்ப வேண்டுமென்றால் முந்தைய ஆண்டு ஜூன், ஜூலையில் தேடத் தொடங்குவது சரியான நேரம். கனடாவின் மிடாக்ஸ் குளோபலிங்க் திட்டம் 12 வார ஆராய்ச்சிப் பயிற்சி. அது மே முதல் அக்டோபருக்குள் நடக்கும், விண்ணப்பமோ முந்தைய ஆண்டு செப்டம்பர் வாக்கில் முடிந்துவிடும். அமெரிக்காவின் பெரிய மென்பொருள், நிதி நிறுவனங்கள் அடுத்த கோடைக்கான இடங்களை முந்தைய ஆண்டு ஆகஸ்ட் முதலே திறந்துவிடுகின்றன. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் கோடை மாணவர் திட்டத்துக்கு ஜனவரி கடைசி வரை நேரம் இருக்கும். ஆனால் அதற்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும், பேராசிரியர்கள் டிசம்பரில் விடுமுறையில் இருப்பார்கள். ஜப்பானின் ஓஐஎஸ்டி பல்கலைக்கழகம் ஆண்டுக்கு இருமுறை ஆராய்ச்சி இன்டர்ன்களை எடுக்கிறது. கோடையைத் தவறவிட்டவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு.

தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். விசாவுக்கு இரண்டு மூன்று மாதம். அதற்கு முன் ஒப்பந்தம், ஸ்பான்சர் படிவம் இரண்டுக்குமாக ஒன்றிரண்டு மாதம். அதற்கு முன் நேர்காணல்கள். பாஸ்போர்ட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். திரும்பி வரும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக இருந்தால் பெரும்பாலான நாடுகளில் சிக்கல் வராது.

மூன்றாம் படி: எங்கே தேடுவது

மூன்று வழிகள் உண்டு; மூன்றும் வேறு வேறு உழைப்பைக் கேட்பவை.

ஒன்று, ஏற்பாடு செய்யப்பட்ட திட்டங்கள். ஐஏஇஎஸ்டிஇ 1948-இல் லண்டனில் தொடங்கிய அமைப்பு. அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கான சம்பளத்துடன் கூடிய பயிற்சிகளை நாடுகளுக்கிடையே பரிமாறிக்கொள்கிறது. ஒவ்வொரு நாட்டிலும் அதன் கிளை வழியாகத்தான் போக முடியும். அதே ஆண்டு தொடங்கிய ஐசெக் என்ற மாணவர் அமைப்பு, மேலாண்மை, கற்பித்தல், சமூகப் பணி போன்றவற்றில் இடம் தருகிறது. ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டம் 2 முதல் 12 மாதப் பயிற்சிக்கு உதவித்தொகை தருகிறது. படிப்பு முடித்து 12 மாதத்துக்குள்ளும் இதைப் பயன்படுத்தலாம், ஆனால் படிக்கும்போதே விண்ணப்பித்திருக்க வேண்டும். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி நடத்தும் ரைஸ் ஜெர்மனி என்ற ஆராய்ச்சிப் பயிற்சித் திட்டம் வட அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து மாணவர்களுக்கானது. சவுதி அரேபியாவின் காஸ்ட் பல்கலைக்கழகம் உலகம் முழுவதிலிருந்தும் ஆராய்ச்சி மாணவர்களை எடுக்கிறது. உங்கள் குடியுரிமை, ஆண்டு, பாடம் மூன்றும் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். பொருந்தாத திட்டத்துக்குக் கட்டுரை எழுதி ஒரு வாரத்தை வீணாக்க வேண்டாம்.

இரண்டாவது, சர்வதேச அமைப்புகள். ஐக்கிய நாடுகள் சபையின் செயலகத்தில் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் இல்லை. பயணமும் தங்கும் செலவும் உங்களுடையது. உலக சுகாதார நிறுவனம் 2020 முதல் உதவித்தொகை தருகிறது. என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: வீட்டில் கடன் வாங்கி நியூயார்க்கிலோ ஜெனீவாவிலோ சம்பளமில்லாமல் ஆறு மாதம் இருக்காதீர்கள். அதே அமைப்புகளுக்கு வாழ்க்கைச் செலவு குறைந்த நகரங்களிலும் அலுவலகங்கள் உண்டு. அங்கே இன்டர்ன் பொறுப்பான வேலையைத் தொடும் வாய்ப்பும் கூடுதல்.

மூன்றாவது, நேரடியாக எழுதுவது. எந்தப் பட்டியலிலும் இல்லாத இடங்கள் இந்த வழியில்தான் திறக்கின்றன. இதற்குத் தனிப் படியே வேண்டும்.

நான்காம் படி: நேரடியாக எழுதும் கடிதம்

நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதைவிடப் பத்துப் பேருக்குப் பத்துக் கடிதம் எழுதுவது மேல். ஒரே கடிதம் எல்லோருக்கும் போகிறது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். வழக்கமாக வரும் கடிதம் இப்படி இருக்கும்: 'மதிப்பிற்குரிய ஐயா, நான் கடின உழைப்பாளி, ஆர்வமுள்ள மாணவன். உங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் பணியாற்றுவது என் கனவு. எந்த வாய்ப்பு இருந்தாலும் தெரிவிக்கவும்.' ஆய்வகத்தின் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயரைப் போட்டாலும் இது அப்படியே பொருந்தும். அதனால்தான் பதில் வருவதில்லை.

இப்போது வேறொன்றைப் பாருங்கள். சூரிய மின்கலத்தில் வேலை செய்யும் குழுவுக்கு ஒரு வேதியியல் மாணவி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

'உங்கள் குழுவின் சமீபத்திய கட்டுரையில், காற்றில் ஈரம் கூடும்போது பெராவ்ஸ்கைட் படலம் எவ்வளவு வேகமாகச் சிதைகிறது என்று அளந்திருக்கிறீர்கள். நான் மூன்றாம் ஆண்டு வேதியியல் மாணவி. கல்லூரி ஆய்வகத்தில் சுழல் பூச்சு முறையில் மெல்லிய படலங்கள் தயாரித்து, அவற்றின் ஒளி உறிஞ்சலை அளந்திருக்கிறேன். படலத்தின் மேல் ஒரு பாதுகாப்புப் பூச்சு போட்டால் உங்கள் அளவீடு எப்படி மாறும் என்று அறிய விரும்புகிறேன். மே முதல் ஜூலை வரை 12 வாரம் வர முடியும். செலவுக்கு ஓர் உதவித்தொகைத் திட்டத்தில் விண்ணப்பிக்கிறேன். அதற்கு நீங்கள் ஏற்றுக்கொள்ளும் கடிதம் தேவை. மதிப்பெண் பட்டியலையும் ரெஸ்யூமேயையும் இணைத்துள்ளேன்.'

இவர் கட்டுரையை வாசித்திருக்கிறார். கையால் என்ன செய்யத் தெரியும் என்று சொல்கிறார். ஒரு கேள்வி வைத்திருக்கிறார். எத்தனை நாள், யார் செலவு, பேராசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் கடிதத்திலேயே இருக்கிறது. படிப்பவர் ஆம் அல்லது இல்லை என்று இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம். நிறுவனத்துக்கு எழுதினாலும் இதே முறைதான். கட்டுரைக்குப் பதில் அவர்கள் வெளியிட்ட பொருளையோ திறந்த மூல மென்பொருளையோ பயன்படுத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பெரிய பேராசிரியருக்கு எழுதும்போது, அவர் குழுவில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்களையும் பாருங்கள். இன்டர்னோடு தினமும் உட்கார்ந்து வேலை வாங்குபவர் பெரும்பாலும் அவர்களில் ஒருவர்தான். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை, சுருக்கமாக, நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடலாம்.

ஐந்தாம் படி: ரெஸ்யூமேயும் மதிப்பெண்ணும்

அமெரிக்காவுக்கு ஒரு பக்கம், புகைப்படமும் பிறந்த தேதியும் வேண்டாம். ஜெர்மனியில் புகைப்படம் வைப்பது இன்னும் பரவலான பழக்கம். ஐரோப்பாவில் யூரோபாஸ் என்ற பொதுவான ரெஸ்யூமே வடிவத்தை நிறையப் பேர் ஏற்கிறார்கள்.

மதிப்பெண்ணை நீங்களாக அந்த நாட்டு அளவுக்கு மாற்றாதீர்கள். ஜெர்மனியில் 1 என்பது மிகச் சிறந்தது, 5 தோல்வி. பிரான்சில் 20-க்கு மதிப்பெண். அங்கே 16 வாங்கினாலே உயர்ந்த தரம். தவறாக மாற்றி எழுதினால் ஏமாற்று போலத் தெரியும். உங்கள் கல்லூரி தந்த எண்ணை அப்படியே போட்டு, எத்தனைக்கு என்பதையும், கல்லூரி தருமானால் வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது, குறைந்தது மூன்று வாரம் முன்னால் கேளுங்கள். எந்தத் திட்டம், என்ன கேட்கிறார்கள், அவரிடம் நீங்கள் செய்த வேலை என்ன என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தால் அவர் கடிதம் பொதுவாகப் போகாது.

ஆறாம் படி: நேர்காணலும் ஆஃபரும்

நேரத்தை இரண்டு ஊர்க் கணக்கிலும் எழுதி உறுதி செய்யுங்கள். மார்ச் மாதம் கூடுதல் கவனம் தேவை. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறும், ஐரோப்பா கடைசி ஞாயிறும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துகின்றன. இடைப்பட்ட வாரங்களில் வழக்கமான கணக்கு பிசகும்.

அவர்கள் கேட்பது போல நீங்களும் கேட்க வேண்டும். தினமும் எனக்கு வழிகாட்டுவது யார்? முதல் இரண்டு வாரத்தில் நான் என்ன செய்வேன்? முடிவில் என்ன தந்தால் பயிற்சி வெற்றி என்று நினைப்பீர்கள்? இதற்குத் தெளிவான பதில் வராத இடத்தில், மேசையும் கணினியும் கிடைக்கும், வேலை கிடைக்காது. அப்படிப்பட்ட இடம் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் நான் போகச் சொல்ல மாட்டேன்.

ஆஃபர் கடிதத்தில் தொடங்கும் நாளும் முடியும் நாளும், வாரத்துக்கு எத்தனை மணி, மேற்பார்வையாளர் பெயர், பணிபுரியும் முகவரி, தொகை எவ்வளவு, அது வரிக்கு முன்னா பின்னா, காப்பீடு யார் பொறுப்பு என்பவை இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் சொன்னதை மின்னஞ்சலில் திரும்ப எழுதி உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். இந்தப் பயிற்சி உங்கள் படிப்பில் கிரெடிட்டாகக் கணக்கில் சேர வேண்டுமானால், கிளம்பும் முன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

மோசடி பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இடம் தருவதற்காகவே பணம் கேட்பவரிடமிருந்து விலகுங்கள். ஐக்கிய நாடுகள் சபை ஆளெடுப்பின் எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை. அதன் பெயரில் பணம் கேட்டு வரும் கடிதம் போலிதான். ஜே-1 ஸ்பான்சர்கள் வாங்கும் திட்டக் கட்டணம் வேறு, அது முறையானது. ஆனால் அந்த அமைப்பின் பெயர் அமெரிக்க வெளியுறவுத் துறையின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

ஏழாம் படி: பணம், முதல் ஆறு வாரத்துக்கு

மாத உதவித்தொகை செலவுக்குப் போதும் என்று கணக்குப் போட்டுவிட்டுக் கையில் ஒன்றும் இல்லாமல் கிளம்புபவர்கள் நிறைய. சிக்கல் மொத்தத் தொகையில் இல்லை, அது வரும் நாளில் இருக்கிறது. முதல் தொகை பெரும்பாலும் முதல் மாத முடிவில்தான் வரும். அதைப் பெற வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குத் திறக்க உள்ளூர் முகவரி வேண்டும். முகவரிக்கு வீடு வேண்டும். வீட்டுக்கு முன்பணம் வேண்டும். ஜெர்மனியில் வீட்டு முன்பணம் சட்டப்படி மூன்று மாத வாடகை வரை போகலாம். ஆகவே விமானச் செலவு போக, முன்பணம், முதல் இரண்டு மாத வாடகை, ஆறு வாரச் சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் ஆகும் செலவு ஆகியவை கையில் இருக்க வேண்டும். இதைத் திரட்ட முடியவில்லை என்றால், முதல் தொகையை முன்கூட்டித் தர முடியுமா என்று மேற்பார்வையாளரிடம் தயங்காமல் கேளுங்கள். பல ஆய்வகங்களில் இதற்கு வழி இருக்கிறது, கேட்காததால் தருவதில்லை.

வீடு தேடும்போது பல்கலைக்கழக விடுதியை முதலில் கேளுங்கள்; விடுமுறையில் மாணவர்கள் காலி செய்யும் அறைகள் குறுகிய காலத்துக்குக் கிடைக்கும். 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்' என்று சொல்லும் வீட்டுக்காரர் மோசடிக்காரர். ஜெர்மனி போகிறவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: இந்த முகவரியில் பதிவு செய்ய அனுமதி உண்டா? குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரரின் கையெழுத்து தேவை.

எட்டாம் படி: காப்பீடு, மருந்து, ஆவணம்

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான குறுகிய கால ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். ஜே-1-க்கு ஒரு நோய் அல்லது விபத்துக்கு 1,00,000 டாலர். ஆனால் சாதாரணப் பயணக் காப்பீடு ஆய்வகத்தில் நடக்கும் விபத்தை ஏற்காமல் போகலாம். பணியிட விபத்துக்கு யார் பொறுப்பு என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். தினமும் மருந்து சாப்பிடுபவர்கள், மருந்தின் வேதிப்பெயர் எழுதிய மருத்துவர் கடிதத்துடன் போங்கள். சில இடங்களில் விதி மிகக் கடுமை. கவனக்குறைபாட்டுக்குத் தரப்படும் சில மாத்திரைகளை ஜப்பானுக்குள் மருத்துவர் சீட்டு இருந்தாலும் கொண்டுபோக முடியாது.

பாஸ்போர்ட், விசா, ஆஃபர் கடிதம், காப்பீடு, ஸ்பான்சர் படிவம் இவற்றின் அசல் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம். எல்லைக் காவலர் கேட்கும்போது பெட்டி இன்னும் வந்திருக்காது.

மீதமுள்ள வாரங்களில் மேற்பார்வையாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வருவதற்கு முன் எதைப் படிக்க வேண்டும்? அவர் சொல்லும் மூன்று கட்டுரைகளையும் ஒரு மென்பொருளையும் கற்றுக்கொண்டு போனால், 12 வாரப் பயிற்சியில் மூன்று வாரம் மிச்சம்.

ஒன்பதாம் படி: போன பிறகு

முதல் வாரத்திலேயே மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து, வாரம் ஒருமுறை சந்திக்க நேரம் குறியுங்கள். புரியாததை உடனே கேளுங்கள். இரண்டு நாள் தனியாகப் போராடிவிட்டுக் கேட்பது அடக்கம் என்று நமக்குத் தோன்றலாம். அங்கே அது நேரத்தை வீணாக்குவதாகப் படும். செய்ததைத் தினமும் நாலு வரி எழுதி வையுங்கள், கடைசி அறிக்கைக்கு அதுதான் கைகொடுக்கும். நிறுவனத்தின் தரவையோ நிரலையோ உங்கள் சொந்தக் கணக்கில் ஏற்றாதீர்கள். எதை வெளியில் காட்டலாம் என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள்.

சான்றிதழைக் கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பே கேளுங்கள். தேதிகள், செய்த பணி, பயன்படுத்திய கருவிகள், மதிப்பீடு, கையெழுத்து எல்லாம் அதில் இருக்க வேண்டும். 'பயிற்சி முடித்தார்' என்ற ஒற்றை வரிக் கடிதம் உதவாது. என்னென்ன செய்தீர்கள் என்று நீங்களே பட்டியலிட்டுக் கொடுத்தால் அவர்களுக்கும் எழுத எளிது. வங்கிக் கணக்கை உடனே மூடிவிடாதீர்கள். கடைசி உதவித்தொகையும் வீட்டு முன்பணமும் நீங்கள் கிளம்பிய பிறகுதான் வந்து சேரும்; வரி பிடித்திருந்தால் அதில் திரும்பக் கிடைக்கும் பகுதி அதற்கும் பிறகு வரும். இவை வந்த பிறகு மூடுங்கள்.